வெள்ளை முட்டையில் எவ்வளவு கருப்பு?

பென்சிலில் படம் வரையப் பழகுகிறவர்களின் நோட்டுகளில் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். உருவம் சரியாகவே இருக்கும். மூக்கும் கண்ணும் அளவு பிசகாமல் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆனால் நோட்டைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு நாலு எட்டு பின்னால் போய்ப் பார்த்தால் படம் காணாமல் போய்விடும். தாள் முழுக்க ஒரே சாம்பல். "ஷேடிங் பத்தலை" என்று யாராவது சொல்வார்கள். உடனே எல்லா இடத்திலும் இன்னும் கொஞ்சம் தேய்ப்பார்கள். சாம்பல் கூடும், அவ்வளவுதான்.

வெள்ளைத் தாளுக்கும் பென்சில் தரக்கூடிய கடைசிக் கருப்புக்கும் நடுவே நிறையப் படிகள் இருக்கின்றன. பழகுகிறவர்கள் அதில் நடுவிலுள்ள இரண்டு மூன்று படிகளிலேயே முழுப் படத்தையும் முடித்துவிடுகிறார்கள். முழு வெள்ளை எங்கும் மிச்சமில்லை, முழுக் கருப்பு எங்கும் வரவில்லை. இதிலிருந்து வெளியே வர என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

ஒரு இடம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்கிற அளவை வரைபவர்கள் டோன் என்பார்கள். இது நிறத்திலிருந்து தனியான சங்கதி. ஒரு தட்டில் கொஞ்சம் மஞ்சள்தூள், கொஞ்சம் குங்குமம், பக்கத்தில் ஒரு வெற்றிலை வைத்து, செல்போனில் கருப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் ஏறக்குறைய வெள்ளைப் பக்கம் போய் நிற்கும். 'பளிச்' என்று கண்ணைப் பறித்த குங்குமம் இருட்டுப் பக்கம் இறங்கிவிடும். வெற்றிலையும் அதன் அருகிலேயே வந்து நிற்கும். பவானி ஜமக்காளத்தின் பட்டைகளை இப்படிப் படமெடுத்தால் இன்னும் வேடிக்கை. நேரில் ஒன்றோடொன்று சண்டை போடும் சிவப்பும் பச்சையும் பல சமயம் பிரித்தறிய முடியாத ஒரே சாம்பலாகிவிடும். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிகிற நிறம் வெளிரான நிறமாக இருக்க வேண்டியதில்லை. பென்சிலுக்கு நிறம் தெரியாது, டோன் மட்டும்தான் தெரியும். ஆகவே பார்க்கும்போதே நாம் நிறத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கப் பழக வேண்டியிருக்கிறது.

அதற்கு முதல் இடைஞ்சல் நம் மூளைதான். வெள்ளை வேட்டி நிழலில் கிடந்தாலும் வெயிலில் கிடந்தாலும் அது வெள்ளை என்று மூளை முடிவு கட்டி வைத்திருக்கிறது. அன்றாட வாழ்க்கைக்கு அது நல்லதுதான், இல்லாவிட்டால் நிழலுக்குள் போகிற ஒவ்வொரு முறையும் நம் சட்டையே நமக்கு அடையாளம் தெரியாது. அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த எட்வர்ட் ஏடல்சன் 1995இல் ஒரு படம் வெளியிட்டார். சதுரங்கப் பலகை போல ஒரு தளம், அதன் மேல் ஒரு உருளை, உருளையின் நிழல் சில கட்டங்கள் மேல் விழுகிறது. நிழலுக்குள் இருக்கும் வெளிர் கட்டமும் நிழலுக்கு வெளியே இருக்கும் அடர் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல். எத்தனை தடவை பார்த்தாலும் நம்ப முடியாது. சுற்றியுள்ளதை மறைத்துவிட்டு அந்த இரண்டு கட்டங்களை மட்டும் பார்த்தால்தான் தெரியும்.

வரைபவருக்கு இதில் நேரடியான வேலை இருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து, பேப்பர் பஞ்ச் கொண்டு இரண்டு ஓட்டை போடுங்கள். கையை நீட்டி அட்டையைப் பிடித்து, ஒப்பிட நினைக்கும் இரண்டு இடங்களை அந்த ஓட்டைகள் வழியே பாருங்கள். அது வேட்டி, இது தார் ரோடு என்கிற நினைப்பெல்லாம் போய், இரண்டு சாம்பல் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். இதில் எது அடர் என்று அப்போது நேர்மையாகச் சொல்லிவிடலாம். அட்டை இல்லாதபோது கண்ணை நன்றாக இடுக்கிக்கொண்டு பாருங்கள். நுணுக்கமெல்லாம் மங்கி, பெரிய வெளிச்சத் திட்டும் பெரிய இருட்டுத் திட்டும் மட்டும் தெரியும். ஓவிய ஆசிரியர்கள் ஓயாமல் "கண்ணை இடுக்கிப் பார்" என்பது இதற்குத்தான்.

சரி, சாமான்களுக்கு வருவோம். எச்பி பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் அது கருப்பாகாது. பென்சில் குச்சி கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. 1795இல் நிக்கோலா ழாக் கோந்தே என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை பெற்ற முறை இது. களிமண் கூடினால் எச் வரிசை, கடினம், வெளிர். கிராஃபைட் கூடினால் பி வரிசை, எண் ஏற ஏற மிருது, அடர். எச்பி இரண்டுக்கும் நடு. பழகுவதற்கு எச்பி, 2பி, 6பி மூன்றும் போதும். பன்னிரண்டு பென்சில் டப்பா வாங்கினால் எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே பொழுது போய்விடும். தாள்தான் முக்கியம். ஜெராக்ஸ் தாள் வழவழப்பானது, இரண்டு பூச்சுக்கு மேல் கிராஃபைட்டைப் பிடித்துக்கொள்ளாது. லேசான சொரசொரப்புள்ள கார்ட்ரிட்ஜ் தாள் வாங்குங்கள்.

6பியும் ஓரளவுக்கு மேல் போகாது. கிராஃபைட் தகடு தகடாகப் படிகிற பொருள். அழுத்தித் தேய்க்கத் தேய்க்க அந்தத் தகடுகள் படுத்து மினுங்க ஆரம்பிக்கும், மினுங்குகிற இடம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கருப்பாக்கப் போய் வெள்ளிப் பூச்சு போட்ட கதையாகிவிடும். அழுத்தாமல், ஒரு திசையில் ஒரு பூச்சு, அதன்மேல் குறுக்காக இன்னொரு பூச்சு என்று மெதுவாக ஏற்றுவதுதான் வழி. அதற்கும் மேல் கருப்பு வேண்டுமென்றால் சார்கோல். கரித்தூள் மினுங்காது, வெளிச்சத்தை விழுங்கும். விரலால் தேய்த்து வழவழப்பாக்குகிற பழக்கத்தைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திப்போடச் சொல்வேன். விரல் பட்டதும் வெள்ளையும் கருப்பும் கலந்து மறுபடி அந்த நடுச் சாம்பலுக்கே வந்து சேரும்.

இப்போது ஐந்து கட்டங்கள் போடுங்கள். 1 வெறும் தாள். 5 உங்கள் 6பியால் முடிந்த கடைசிக் கருப்பு. முதலில் இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள், ஐந்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். பிறகு 3, அப்புறம்தான் 2, 4. நிறங்களை முறைப்படுத்திய ஆல்பர்ட் மன்செல் கருப்புக்கு 0, வெள்ளைக்கு 10 என்று அளவுகோல் வைத்தார். நமக்கு ஆரம்பத்தில் அவ்வளவு தேவையில்லை, ஐந்தே தாராளம்.

மூன்றாம் கட்டத்தில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். நடு என்றால் பாதி என்று நினைத்துக்கொண்டு லேசாகப் பூசி நிறுத்துவார்கள். கண் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. நம் கண்ணுக்கு வெள்ளைக்கும் கருப்புக்கும் நட்டநடுவில் இருப்பதாகத் தெரிகிற சாம்பல், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. புகைப்படக்காரர்கள் அளவுக்கு வைத்துக்கொள்ளும் சாம்பல் அட்டையும் அதே 18தான். அதாவது, நடு என்பது நாம் நினைப்பதைவிட நிறையவே இருட்டு. நோட்டு முழுக்க வெளிறிப்போய்க் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது. மூன்றை இன்னும் ஒரு பூச்சு இறக்கிவிட்டு, கட்டங்களைத் தள்ளி வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள இடைவெளியும் மூன்றுக்கும் ஐந்துக்கும் உள்ள இடைவெளியும் சமமாகத் தெரிகிறதா? தெரிந்தால் அந்தச் சீட்டைக் கத்தரித்து நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரைகிற எதற்கும் அதுதான் அளவுகோல்.

அடுத்து முட்டை. நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணையிலிருந்து வருகிற வெள்ளை முட்டை ஒன்று, நாட்டுக்கோழியின் பழுப்பு முட்டை ஒன்று. டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். நடுவே திறந்த முற்றமுள்ள தொட்டிக்கட்டு வீட்டில் இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள், முற்றத்தை ஒட்டிய கூடமான ஆசாரத்து ஓரத்தில் உட்கார்ந்தால் வானத்து வெளிச்சம் ஒரு பக்கமாக வந்து இறங்கும். இரண்டு வெளிச்சங்கள் எதிரெதிரே இருந்தால் நிழல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், பழகுவதற்கு உதவாது.

முதலில் வெள்ளை முட்டையை மட்டும் ஒரு வெளிர் துணிமேல் வைத்துப் பாருங்கள். அவசரப்படாமல் பாருங்கள், பென்சிலைத் தொடவே வேண்டாம். ஜன்னல் பக்கம் ஓரிடத்தில் உச்ச வெளிச்சம். அங்கிருந்து நகர நகர ஓடு மெல்ல மங்குகிறது. ஓரிடத்தில் வெளிச்சம் இனி எட்டாது என்று திரும்பிவிடுகிறது. அதைத் தாண்டியதும் வரும் பட்டைதான் முட்டையின் மேலேயே மிக இருட்டான இடம். பழகாதவர்கள் முட்டையின் விளிம்புதான் அதிக இருட்டு என்று நினைத்து அங்கே போய்க் கருப்பை ஏற்றுவார்கள். விளிம்பைக் கவனியுங்கள். துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி எழும்பி முட்டையின் அடிவயிற்றைத் தொடுவதால், விளிம்பு அந்தப் பட்டையைவிடக் கொஞ்சம் வெளிராகவே இருக்கும். முட்டையை உருண்டையாகக் காட்டுவது இந்தச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் அதற்காக அந்த எதிரொளியை வெளிச்சப் பக்கத்துக்குச் சமமாக ஏற்றிவிடக் கூடாது, ஏற்றினால் முட்டை தகரத்தில் செய்தது போல ஆகிவிடும். நிழல் பக்கத்தில் உள்ள எதுவும் வெளிச்சப் பக்கத்தில் உள்ள எதையும்விட வெளிராக இருக்க முடியாது. ஒரே நிறப் பொருளுக்கு இது நம்பகமான விதி.

அப்புறம் துணியில் விழுகிற நிழல். அது முட்டையை ஒட்டிய இடத்தில் கூர்மை, தள்ளிப் போகப் போக ஓரம் கலையும். முட்டையும் துணியும் தொடுகிற இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு இருட்டு. எந்தப் பக்கத்து வெளிச்சமும் உள்ளே நுழைய முடியாத இடம் அது. உங்கள் ஐந்தாம் எண் கருப்பு அங்கே போகட்டும். அதை வைத்த அந்த நிமிடமே முட்டை தாளில் மிதப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடும். அதோடு இன்னொரு ஆச்சரியம்: அதுவரை நல்ல இருட்டு என்று நினைத்திருந்த மற்ற நிழல்கள் எல்லாம் இப்போது நோஞ்சானாகத் தெரியும். தைரியமாக ஒன்றிரண்டு படி இறக்கலாம். கருப்பைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைக்காமல், கடைசிக் கருப்பையும் தொடக்கூடாத வெள்ளையையும் ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். டோன் எதுவும் தனியாக நிற்பதில்லை, பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் அது வெளிர் அல்லது அடர்.

இப்போது பழுப்பு முட்டையைப் பக்கத்தில் வையுங்கள். கேள்வி இதுதான்: வெள்ளை முட்டையின் நிழல் பக்கம், பழுப்பு முட்டையின் வெளிச்சப் பக்கம், இரண்டில் எது இருட்டு? யோசிக்காமல் பதில் சொல்கிறவர்கள் பழுப்பைக் காட்டுவார்கள். ஓட்டை போட்ட அட்டையை எடுத்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தால் வெள்ளை முட்டையின் நிழல்தான் அடர்வாக இருக்கும். முட்டையின் சொந்த நிறம் ஒரு கணக்கு, அதன்மேல் விழுகிற வெளிச்சம் இன்னொரு கணக்கு. தாளில் வருவது இரண்டும் சேர்ந்த தொகை. இதை ஒரு தடவை கண்ணால் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்குக் காங்கயம் பக்கம் போக வேண்டும். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதவாக்கில் சாம்பலுக்கு மாறும். காளை வளர வளரத் திமிலும் கழுத்தும் முன்னங்கால், பின்னங்கால் சப்பைகளும் கருத்துப்போகும், வயிறும் விலாவும் வெளிராகவே நிற்கும். மயிலைக் காளை என்று சொல்வது இதைத்தான். வெளிச்சமும் இருட்டும் பழக இதைவிட நல்ல உயிர் கிடைக்காது, இதைவிட ஏமாற்றுகிற உயிரும் கிடைக்காது. பத்து மணி வெயிலில் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், நிற்கிற காளையைப் பாருங்கள். திமில் கருப்பு, ஆனால் சூரியன் அதன் மேலேயே அடிக்கிறது. வயிறு வெள்ளை, ஆனால் அது நிழலில் இருக்கிறது. கண்ணை இடுக்கினால் திமிலின் முதுகுப்புறமும் அடிவயிறும் ஏறத்தாழ ஒரே படிக்கு வந்துவிடும், நம் ஐந்து கட்டத்தில் மூன்றுக்குப் பக்கத்தில். திமில் கருப்பு என்று தெரிந்ததனால் முழுக்க 5 பூசி, வயிறு வெள்ளை என்று தெரிந்ததனால் தாளை அப்படியே விட்டால், தோல் நிறம் சரியாக வரும், உடம்பு தட்டையாகிவிடும். அப்படிப் போட்ட ஒரு படத்தை எட்டிப் பார்த்த பெரியவர் ஒருவர், "ஏனுங்க, காளை சேத்துல பொரண்டு எந்திரிச்சாப்ல இருக்குதுங்களே" என்றார். அதைவிடச் சுருக்கமாக எந்த ஓவிய ஆசிரியரும் சொல்லிவிட முடியாது.

அந்தக் காளையில் உண்மையான 5 எங்கே என்று தேடினால் கொஞ்ச இடம்தான் கிடைக்கும். திமிலும் தோளும் மடிகிற பள்ளம், கால்களுக்கு நடுவே உள்ள இடுக்கு, மூக்குத் துவாரம், குளம்புக்கு அடியில். உண்மையான 1 அதைவிடக் குறைவு. முதுகுத்தண்டின் மேல் ஓடுகிற ஒரு கீற்று, கொம்பில் ஒரு பொட்டு. மீதி உடம்பு முழுக்க 2, 3, 4தான். முழு வீச்சில், அதாவது முழு வெள்ளையிலிருந்து முழுக் கருப்பு வரை, வரைவது என்றால் எல்லாப் படியையும் எல்லா இடத்திலும் இறைப்பது என்று அர்த்தமில்லை. இரண்டு கடைசிப் படிகளும் கொஞ்சமாக, சரியான இடத்தில் இருந்தால் போதும்.

வெளியே வரைகிறபோது இன்னொரு சிக்கல். உச்சி வெயிலில் ஒளி 1 லட்சம் லக்ஸ் வரை போகும், வீட்டு ஆசாரத்துக்குள் சில நூறு லக்ஸ்கூட இருக்காது. பல நூறு மடங்கு வித்தியாசம். நம் தாளின் வெள்ளைக்கும் 6பியின் கருப்புக்கும் அதில் ஒரு துளிதான் வித்தியாசம். ஆகவே கண்டதைக் கண்டபடி தாளில் இறக்க யாராலும் முடியாது. வரிசை மாறாமல் சுருக்கத்தான் முடியும். எது எதைவிட வெளிர் என்கிற வரிசை சரியாக இருந்தால் பார்க்கிறவர் மனம் வெயிலைத் தானே கூட்டிக்கொள்ளும். திறந்த கதவும் உள்ளே இருட்டும் இருக்கிற படத்தில், உள்ளே இருக்கும் உரல், பானை எல்லாவற்றையும் காட்ட ஆசைப்பட்டால் வெளியே இருக்கும் வெயில் செத்துவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் வெயிலைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

செல்போன் படத்தைப் பார்த்து வரைகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போதைய போன்கள் இருட்டான இடங்களைத் தாமாகவே வெளிராக்கி, வெளிச்சத்தைத் தாமாகவே அடக்கிக் கொடுக்கின்றன. பார்க்க அழகு. அதை அப்படியே வரைந்தால் படம் சாம்பலாகத்தான் வரும், குற்றம் உங்கள் கையில் இல்லை.

பென்சிலாவது சாம்பல் தரும். பேனா மை அதுவும் தராது, கருப்பு அல்லது வெறும் தாள், நடுவே ஒன்றுமில்லை. அதிலும் முழு வீச்சைக் கொண்டுவர முடியும் என்பதற்கு நம் பக்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். 1919இல் நாமக்கல்லில் பிறந்த சில்பி, ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களை வரைந்தவர். அவருடைய பேனாக் கோட்டுப் படம் ஏதாவது கிடைத்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கோடு நெருங்குகிற இடத்தில் இருட்டு, விலகுகிற இடத்தில் வெளிச்சம், கோடே இல்லாத இடத்தில் கல்லின் மினுமினுப்பு. கோட்டின் போக்கு சிற்பத்தின் உடம்பு வளைகிற திசையிலேயே வளையும். பேரூர் பட்டீசுவரர் கோயில் கனகசபையின் சிற்பத் தூண்களுக்கு முன்னால் நோட்டோடு உட்கார்ந்து, ஒரே ஒரு கைவிரலையோ பாதத்தையோ இந்த முறையில் முயன்று பாருங்கள். முழுச் சிற்பத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

கடைசியாக, முழு வீச்சைக் கைவிட வேண்டிய இடங்களும் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகத்தைத் தள்ளிக்கொண்டு வருகிற ஆனி, ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம் நிழலே விழாது. வானம் முழுக்க ஒரே விளக்கு. அன்றைக்குப் படத்தில் 2, 3, 4 மட்டும் இருந்தால்தான் அது அந்த நாள் போல இருக்கும், வலிந்து கருப்பு வைத்தால் பொய்யாகிவிடும். தூரத்து மலைக்கும் இதே கணக்கு. கோவையிலிருந்து வெள்ளியங்கிரி மலையை வரையும்போது நடுவே உள்ள காற்றும் தூசியும் ஈரமும் மலையின் இருட்டை எல்லாம் வெளிராக்கிவிடுகின்றன. மலையில் எவ்வளவு அடர்ந்த காடு இருந்தாலும் சரி, அங்கே இரண்டரையைத் தாண்டாதீர்கள். பக்கத்துத் தென்னைக்கு 4, தென்னையடி நிழலுக்கு 5. மலைக்கு எச்பியே போதும், 6பியைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.